பரதேசிக்கு எதுக்கு பத்திரம்? பரலோகம் நம்ம வீடுன்னா இங்க எப்படித்தான் வாழுறது

பதிவு 1 – கூடாரவாசி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா இங்க வாசிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இன்னைக்குத்தான் முதல் இழை போடுறேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

விஷயம் இதுதான். நானும் என் வீட்டுக்காரரும் பத்து வருஷத்துக்கு மேல வாடகை வீடு மாறி மாறி அலுத்துப்போய் இப்பதான் சொந்தமா ஒண்ணு வாங்கலாம்னு லோனுக்கு எழுதிப் போட்டிருக்கோம். இதை பைபிள் ஸ்டடில ஜெபக்குறிப்பா சொன்னேன். அங்க ஒரு பெரியவர், நல்ல மனுஷர்தான், எங்க கல்யாணத்துக்கே ஜெபம் பண்ணவர், சிரிச்சுக்கிட்டே "பரதேசிக்கு எதுக்கும்மா பத்திரம்"னு கேட்டுட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான் சிரிச்சேன். ஆனா ராத்திரி தூக்கம் வரல.

அவர் மேல எனக்கு வருத்தம் இல்ல. அவர் சொன்னது சரியா இருந்துட்டா என்ன பண்றதுங்கறதுதான் என் பயம். ஞாயித்துக்கிழமை கண்ண மூடிக்கிட்டு பரலோகம் என் வீடுன்னு பாடுறேன், கண்ணுல தண்ணி கூட வருது, பொய் இல்ல அது. திங்கக்கிழமை உக்காந்து டைல்ஸ் கலர் பாக்குறேன், அதுவும் சந்தோஷமாத்தான் இருக்கு. ரெண்டுல எது நடிப்புன்னு எனக்கே தெரியல. 1 பேதுரு 2:11 நம்மள "அந்நியரும் பரதேசிகளும்"னு சொல்லுது, வெளிய யாராவது அந்த வார்த்தையால கூப்பிட்டா சண்டைக்குப் போவோம், பைபிள்ல வந்தா மட்டும் ஆமென் சொல்றோம். உண்மையிலேயே அப்படி வாழுறவங்க இருந்தா சொல்லுங்க, எப்படி வாழுறீங்க?

பதிவு 2 – உப்புக்கல்

சிஸ்டர், பெரியவர் கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்லைன்னுதான் நான் நினைக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. "பூமியிலுள்ளவைகளையல்ல, மேலானவைகளையே நாடுங்கள்", கொலோசெயர் 3:2. இதுக்கு என்ன வியாக்கியானம் வேணும்? ஆபிரகாம் வாக்குத்தத்தம் பண்ணின தேசத்துக்குள்ளயே வந்துட்டார், அங்கயும் கூடாரத்துலதான் குடியிருந்தார்னு எபிரெயர் 11:9 சொல்லுது. வாடகை வீட்டுக்கு யாராவது மார்பிள் போடுவாங்களா? வாங்காதீங்கன்னு சொல்லல, வாங்குங்க. ஆனா அதுல மனசு ஒட்டிக்கிச்சுன்னா பிரிச்செடுக்கறப்போ தோலோட வரும்.

பதிவு 3 – பழைய சுருள்

உப்புக்கல் பிரதர் ஆபிரகாமை கூட்டிட்டு வந்ததால நான் ஆதியாகமம் 23-ஐ கூட்டிட்டு வர்றேன். ஆபிரகாமோட மனைவி சாராள் இறந்துபோறாங்க. ஆபிரகாம் அந்த ஊர்க்காரங்களான ஏத்தின் புத்திரர்கிட்ட போய் முதல் வார்த்தையா என்ன சொல்றார்னு பாருங்க, "நான் உங்களிடத்தில் அந்நியனும் பரதேசியுமாய் இருக்கிறேன்". அதே மூச்சுல அடுத்து கேக்குறது என்ன? நிலம். சொந்தமா ஒரு கல்லறை பூமி. நிலத்துக்காரன் எப்ரோன் சும்மாவே தர்றேன்னு சொல்றான், இவர் விடல, 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் குடுக்குறார். ஊர் வாசல்ல எல்லார் கண்ணு முன்னாடியும் கிரயம் முடியுது. நிலம், மக்பேலாங்கற குகை, எல்லைக்குள்ள நிக்குற மரங்கள் வரைக்கும் 17-ஆம் வசனத்துல கணக்கு வருது பாருங்க, அச்சு அசல் கிரயப் பத்திரம் மாதிரியே இருக்கும். ஆக பரதேசிக்கு எதுக்கு பத்திரம்னு கேட்டா, முதல் பரதேசியே பத்திரம் போட்டவர்தான்! ஆனா வாக்குத்தத்தம் பண்ணப்பட்ட அத்தனை நிலத்துல அவர் காசு குடுத்து வாங்கினதா ஆதியாகமம் சொல்றது ஒரு கல்லறைய மட்டும்தான், அதையும் மறந்துடக்கூடாது.

அடுத்தது பவுல் பிலிப்பி சபைக்கு எழுதின கடிதம், பிலிப்பியர் 3:20. பழைய மொழிபெயர்ப்புல "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது"ன்னு இருக்கு. இந்த "குடியிருப்பு"ங்கற வார்த்தைதான் நம்மள கொஞ்சம் குழப்புதுன்னு நினைக்கிறேன். கேட்ட உடனே என்ன தோணுது? நம்ம வீடு அங்க இருக்கு, நாம இங்க தப்பான அட்ரஸ்ல இறங்கிட்டோம், பஸ் வந்தா ஏறிடணும். ஆனா கிரேக்கத்துல இருக்கறது பொலிட்யூமா, ஊர், குடிமக்கள், ஆட்சி சம்பந்தப்பட்ட வார்த்தை. குடியுரிமைன்னு வச்சுக்கோங்க. குடியிருப்பு வேற, குடியுரிமை வேற இல்லையா, ஒரு எழுத்து ரெண்டு எழுத்து மாறினாலும் வாழ்க்கையே மாறிடும்.

இதை ஏன் பவுல் பிலிப்பி ஊர்க்காரங்களுக்கு எழுதுறார்னு பாருங்க. பிலிப்பி இருந்தது மக்கெதோனியாவுல, ஆனா அது ரோமக் குடியேற்றம். கி.மு. 42-ல அந்த ஊர் பக்கத்துலதான் ரோமத் தலைவர்களான ஆண்டனியும் ஆக்டேவியனும், சீசரைக் கொன்ன புரூட்டஸையும் காஸியஸையும் தோற்கடிச்ச போர் நடந்துச்சு, முடிஞ்சதும் ஓய்வு பெற்ற சிப்பாய்களுக்கு அங்கயே நிலம் குடுத்து உக்கார வச்சாங்க. கி.மு. 31-ல ஆக்டியம் போர் முடிஞ்ச பிறகு இன்னொரு கூட்டம் வந்து சேர்ந்துச்சு. சட்டப்படி அந்த மண்ணே இத்தாலி மண்ணுக்குச் சமம். அப்போஸ்தலர் 16:21-ல அந்த ஊர்க்காரங்க "ரோமராகிய நமக்கு"ன்னு என்ன பெருமையா பேசுறாங்க பாருங்க. இப்ப கேள்வி, அந்த ரோமக் குடிமக்கள் எல்லாரும் ஒருநாள் மூட்டை கட்டிக்கிட்டு ரோமுக்குப் போறதுக்கா அங்க உக்காந்திருந்தாங்க? இல்லவே இல்ல. ரோமோட சட்டம், ரோமோட பாஷை, ரோமோட வாழ்க்கை மக்கெதோனியாவுல நடக்கணும், அதுக்குத்தான் குடியேற்றம். பவுல் அதே வேர்ச்சொல்லை 1:27-லயும் போட்டிருக்கார், நம்ம பைபிள்ல "நடந்துகொள்ளுங்கள்"னு சாதாரணமா போயிடுது, உள்ளுக்குள்ள இருக்கறது "அந்த ஊர் குடிமகனா நடந்துக்கோங்க".

3:20-ஐ மறுபடியும் படிங்க, நாம அங்க போறதைப் பத்தி அந்த வசனத்துல ஒரு வார்த்தை இல்ல. அங்கிருந்து இயேசு வர்றதுக்குத்தான் காத்திருக்கோம்னு இருக்கு. வெளிப்படுத்தல் 21-லயும் புதிய எருசலேம் மேல இருந்து கீழ இறங்குது.

பதிவு 4 – மெழுகுவர்த்தி

நான் கத்தோலிக்க வீட்டுப் பொண்ணு. எங்க திருவிவிலியத்துல அந்த இடம் "நமக்கோ விண்ணகமே தாய்நாடு"ன்னு வரும். சின்ன வயசுல இருந்து அதைத்தான் கேட்டு வளர்ந்தேன், அதனால எனக்கு அது அட்ரஸ் மாதிரி தோணினதே இல்ல, பிறந்த மண்ணு மாதிரி. எங்க இருந்தாலும் பேச்சுல அந்த மண்ணோட வாசம் வரணும்.

பரதேசிங்கற வார்த்தைக்கு ஒரு விஷயம் சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது. பேதுரு எழுதுன அந்த "அந்நியர்"க்கு கிரேக்கத்துல பாரோய்கோஸ், அதாவது ஒரு ஊர்ல குடியிருக்கான் ஆனா அந்த ஊர்க்காரன் இல்ல. அதுல இருந்து வந்ததுதான் பாரோய்கியா, அதுதான் லத்தீன் வழியா சுத்தி வந்து "பாரிஷ்" ஆச்சு. நாங்க பங்குன்னு சொல்றோமே அதேதான். முதல் நூற்றாண்டு கடைசில ரோம் சபை கொரிந்து சபைக்கு எழுதின கடிதம் இப்பவும் இருக்கு, அதோட ஆரம்பமே ரோமில் பரதேசியாய்த் தங்கியிருக்கும் தேவ சபை, கொரிந்துவில் பரதேசியாய்த் தங்கியிருக்கும் தேவ சபைக்குங்கற மாதிரிதான். லெட்டர்பேட்லயே போட்டுக்கிட்டாங்க! இப்போ பாரிஷ்னா யாரு கமிட்டில இருக்கா, யாரு குடும்பம் பழைய குடும்பம், யாருக்கு எந்த பெஞ்சு. பரதேசிகள் பட்டியல்ல சீனியாரிட்டி பாக்குறோம், சிரிப்புதான் வருது.

பதிவு 5 – உப்புக்கல்

பழைய சுருள் அண்ணன் எழுதினது அருமை, கல்லறை விஷயம் நான் யோசிக்காதது, ஒத்துக்கறேன். ஆனா என் பயம் என்னன்னு சொல்லிடறேன். இந்த மாதிரி சரித்திர விளக்கம் கேட்டுக் கேட்டு கடைசில பரலோகமே பேச்சுல இல்லாம போயிடுது. எங்க அப்பா காலத்துல பிரசங்கம்னா இயேசுவோட வருகையும் நித்தியமும்தான். இப்போ நான் கேக்குற செய்தில பாதி புரமோஷன், கார், வீடு, விசா. கர்த்தர் உனக்குக் குடுப்பார் குடுப்பார் குடுப்பார். லூக்கா 12-ல களஞ்சியத்தை இடிச்சுப் பெருசா கட்டுறேன்னு சொன்னவன் திருடல, பொய் சொல்லல, நல்லா வெளஞ்சுது அவ்வளவுதான், அவனைத்தான் மதிகேடனேன்னு தேவன் கூப்பிடறார். ஏன்னா அவன் பேசின அந்த ரெண்டு மூணு வரில "என்" "என்" "என்". ஆத்துமாகிட்ட கூட என் ஆத்துமாவேன்னுதான் பேசுறான். அதனால சிஸ்டர் கேட்ட கேள்விய லேசுல ஆத்திடாதீங்க, தூக்கம் வராம இருக்கறது நல்ல விஷயம்தான்.

பதிவு 6 – சந்தேகி

நான் விசுவாசி இல்ல, ஒரு காலத்துல இருந்தேன். திட்டறதுக்கு வரல. ஆனா ஒரு விஷயம் கேக்கணும். "இது நம்ம வீடு இல்ல"ங்கற பேச்சு யாருக்கு லாபம்? கூலி சரியா கிடைக்காதவன்கிட்ட, அடி வாங்குற பொண்ணுகிட்ட, மேல போனா எல்லாம் சரியாகும் பொறுத்துக்கோன்னு சொல்றது எவ்வளவு வசதி பாருங்க. சொல்றவன் மட்டும் இங்கயே நல்ல வீட்டுல இருப்பான். மார்க்ஸ் மதத்தை அபினின்னு சொன்னது சும்மா இல்ல. வலி தெரியாம பண்ணும், ஆனா புண்ணை ஆத்தாது.

பதிவு 7 – பழைய சுருள்

சந்தேகி, நீங்க சொல்றது நடந்திருக்கு, நடக்குது, மறுக்க மாட்டேன். அடிமைகளை வச்சிருந்த எஜமானர்கள் "கீழ்ப்படி, பரலோகத்துல பலன் உண்டு"ன்னு பிரசங்கம் பண்ண வச்சிருக்காங்க.

ஆனா அதே அடிமைகள் அதே பரலோகத்தை எப்படிப் பிடிச்சுக்கிட்டாங்கன்னு பாக்கணும். அமெரிக்காவுல ஃப்ரெடரிக் டக்ளஸ், அடிமையா பிறந்து 1838-ல தப்பிச்சுப் போனவர். அவரும் கூட்டாளிகளும் அதுக்கு முன்னாடி ஒருதரம் தப்பிக்கத் திட்டம் போட்ட சமயத்துல, பைபிள்ல வர்ற வாக்குத்தத்த தேசமான கானானுக்குப் போறோம் கானானுக்குப் போறோம்னு பாடிக்கிட்டே இருப்பாங்களாம், கவனிச்சுக் கேட்டிருந்தா அதுல பரலோக ஆசைய விட கூடுதலா ஒண்ணு இருந்தது தெரிஞ்சிருக்கும், எங்களுக்கு (அடிமைத்தனம் இல்லாத) வடக்குதான் கானான்னு அவரே பின்னாடி எழுதி வச்சிருக்கார். எஜமான் காதுல அது சாவுக்கு அப்புறம் போற இடம். பாடினவங்களுக்கு இன்னைக்கு ராத்திரி நடக்க வேண்டிய திசை. அது அபினின்னா அதைக் குடிச்சவன் தூங்கியிருக்கணும், இவங்க எழுந்து நடந்தாங்க.

நீ இந்த எஜமானோட சொத்து இல்ல, உனக்கு வேற ஊர் உண்டு, வேற ராஜா உண்டுன்னு ஒருத்தன் நிஜமாவே நம்பிட்டா அவனை அடக்கி வைக்கிறது கஷ்டம். பவுலையே பாருங்க. அதே பிலிப்பில அடிச்சு ஜெயில்ல போட்டுட்டு மறுநாள் காலைல ரகசியமா அனுப்பிவிடப் பாக்குறாங்க. பரலோகக் குடிமகன்தானே, பரவாயில்லைன்னு போயிட்டாரா? "ரோமராகிய எங்களை" விசாரிக்காம அடிச்சீங்களே, நீங்களே வந்து வெளிய கூட்டிட்டுப் போங்கன்னு நின்னுட்டார், அப்போஸ்தலர் 16:37.

பதிவு 8 – சந்தேகி

டக்ளஸ் விஷயம் தெரியாது. யோசிக்கிறேன். ஆனா நடந்தவங்க கொஞ்சப் பேர், தூங்கினவங்க நிறையப் பேர்னு இன்னமும் நினைக்கிறேன்.

பதிவு 9 – ரெண்டு பெட்டி

நான் வேற நாட்டுல வேலை பாக்குறவன். சரித்திரம் எல்லாம் தெரியாது, என் கதைய சொல்றேன், இங்க பொருந்துதான்னு பாருங்க.

வந்து பதினோரு வருஷம் ஆச்சு. வந்தப்போ ரெண்டு வருஷம்தான்னு நினைச்சேன், அப்புறம் இன்னும் ரெண்டு, அப்புறம் இன்னும் ரெண்டு. எப்படியும் போயிடப் போறோமேன்னு நல்ல கட்டில் வாங்கல, தரைல மெத்தை. ஜன்னலுக்குத் திரை போடல, பேப்பர் ஒட்டி வச்சிருந்தேன். இந்த ஊர் பாஷை கத்துக்கல. பக்கத்து வீட்டுல ஒரு வயசான அம்மா தனியா இருந்தாங்க, பார்த்தா சிரிப்பாங்க, நானும் சிரிப்பேன், பேர் கூட கேட்டதில்ல, எதுக்கு கேக்கணும், போகப்போறவன்தானே. ஒருநாள் அவங்க வீட்டு வாசல்ல ஆளுங்க சாமான் ஏத்திக்கிட்டு இருந்தாங்க, அவங்க தவறிப்போய் ஒரு வாரம் ஆகியிருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி அந்தப் பேப்பர் ஒட்டின ஜன்னலைப் பாத்து உக்காந்திருந்தேன், நான் பதினோரு வருஷமா இங்கயும் வாழல அங்கயும் வாழலன்னு அப்பதான் உறைச்சுது.

எரேமியா 29 அதுக்கு முன்னாடி எத்தனை தரம் படிச்சிருப்பேனோ தெரியாது, எனக்கு அதுல "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" வசனம் மட்டும்தான் தெரியும், காலண்டர்ல வர்றது. அதுக்கு மேல இருக்கறதை அப்பதான் படிச்சேன். பாபிலோனுக்கு சிறைப்பட்டுப் போனவங்களுக்குக் கடிதம். வீடு கட்டுங்க, குடியிருங்க, தோட்டம் போட்டு அதோட கனிய சாப்பிடுங்க, பிள்ளைங்களுக்குக் கல்யாணம் பண்ணுங்க, அந்தப் பட்டணத்தோட சமாதானத்தைத் தேடுங்க, அதுக்காக ஜெபம் பண்ணுங்க. பாபிலோனுக்காக! அதுவும் 70 வருஷம்னு சொல்லியாச்சு. முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒருத்தன், ரெண்டே வருஷத்துல எல்லாரும் திரும்பிடுவீங்கன்னு தீர்க்கதரிசனம் சொல்றான், எல்லாருக்கும் அதுதான் கேக்க நல்லா இருந்திருக்கும். அவன்தான் கள்ளத் தீர்க்கதரிசி. ரெண்டு வருஷம்னு நம்பினவன் எவன் தோட்டம் போடுவான்?

அதே நேரம் அவங்க பாபிலோன்காரங்களா ஆகிடணும்னும் சொல்லல. எருசலேமை மறக்கக்கூடாது. மறக்காம அங்க மரம் நடணும். இது எப்படின்னு கேட்டா எனக்கும் முழுசா தெரியல பிரதர்ஸ். நான் பண்ணது, முதல்ல திரை வாங்கினேன். அப்புறம் பாஷை கிளாஸுக்குப் போறேன். இப்போ மாடில எல்லாருடைய பேரும் தெரியும். ஊர் பாஸ்போர்ட் பெட்டிலதான் இருக்கு, எடுத்து அப்பப்போ பாத்துக்குவேன்.

பதிவு 10 – மெழுகுவர்த்தி

ரெண்டு பெட்டி அண்ணா, அந்த அம்மா விஷயம் படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஃபோனை வச்சுட்டேன்.

உங்க பதிவுக்குப் பக்கத்துல வைக்க ஒண்ணு இருக்கு. பழைய கிறிஸ்தவக் கடிதம் ஒண்ணு, தியோக்னேத்துங்கறவருக்கு யாரோ எழுதினது, எழுதினவர் பேரே தெரியாது. அதுல கிறிஸ்தவங்களைப் பத்தி சொல்றப்போ, தனியா ஊர் கட்டிக்கல, தனி பாஷை பேசல, எல்லாரையும் போலத்தான் உடுத்துறாங்க, சொந்த ஊர்லயே இருக்காங்க ஆனா பரதேசிகளா, அவங்களுக்கு எந்த அந்நிய மண்ணும் தாய்நாடு, எந்தத் தாய்நாடும் அந்நிய மண்ணுன்னு வரும். அதோட கையெழுத்துப் பிரதி 15-ஆம் நூற்றாண்டுல கான்ஸ்டாண்டிநோபிள்ல ஒரு மீன் கடைல, பொட்டலம் கட்ட வச்சிருந்த காகிதக் கட்டுல கிடைச்சதாம். அப்புறம் 1870-ல ஸ்ட்ராஸ்பர்க்ல போர் நேரத்துல தீப்பிடிச்சு எரிஞ்சே போச்சு, நல்லவேளை அதுக்கு முன்னாடி பாத்து எழுதி வச்சிருந்தாங்க. அந்தக் காகிதத்துக்கே நிலையான ஊர் இல்ல.

பதிவு 11 – தனிமரம்

நான் இங்க எழுதலாமான்னு தெரியல. தலைப்பைப் பாத்து உள்ள வந்தேன்.

என் கணவர் போய் ஏழு மாசம் ஆகுது. வந்தவங்க எல்லாரும் அவர் வீட்டுக்குப் போயிட்டாரு, இளைப்பாறுதலுக்குப் போயிட்டாரு, அழக்கூடாது, சாட்சியா இருக்கணும்னு சொன்னாங்க. நானும் அடக்கத்துல அழல. பாட்டுப் பாடினேன். எல்லாரும் என்ன விசுவாசம்னு சொன்னாங்க. இப்போ வீட்டுல யாரும் இல்ல, அவர் செருப்பு வாசல்லயே இருக்கு, எடுக்க மனசு வரல, இது வீடு இல்லைன்னா இதுக்குள்ள நான் ஏன் இருக்கேன்னு தோணுது. அவர் வீட்டுல இருக்கார், நான் வெளிய நிக்கிறேன். சீக்கிரம் என்னையும் கூப்பிட்டுக்கோங்க ஆண்டவரேன்னு தினமும் கேக்குறேன். சமைக்கிறதும் இல்ல சரியா. இது பரலோக ஏக்கம்தானா, இல்ல நான் விசுவாசத்துல விழுந்துட்டேனா?

பதிவு 12 – உப்புக்கல்

அக்கா. முதல்ல உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும். நானும் துக்க வீடுகள்ல "அழாதீங்க"ன்னு சொல்லியிருக்கேன். எத்தனை வீடுன்னு கணக்கு இல்ல. நாம பேச வேற ஒண்ணும் தெரியாம சொல்றது அது.

1 தெசலோனிக்கேயர் 4:13, நம்பிக்கையில்லாதவங்க துக்கப்படுற மாதிரி துக்கப்படாதீங்கன்னுதான் இருக்கு, துக்கப்படாதீங்கன்னு இல்ல. செத்துப்போன லாசருவை இன்னும் கொஞ்ச நேரத்துல எழுப்பப் போறோம்னு தெரிஞ்ச ஒரே ஆள், இயேசு, அந்தக் கல்லறைக்குப் போறப்போ அழுதார். உங்களை விட அவருக்குப் பரலோகம் நல்லா தெரியும். அவர் அழலாம்னா நீங்களும் அழலாம்.

நீங்க விசுவாசத்துல விழல. ஆனா ஒண்ணு நேரா கேக்குறேன், தம்பி கேக்குறதா நினைச்சுக்கோங்க. கூப்பிட்டுக்கோங்கன்னு ஜெபம் பண்றதோட நிக்குதா, இல்ல ஏதாவது பண்ணிக்கலாம்னு தோணுதா? அப்படி ஒரு நிமிஷம் தோணினாலும் இங்க எழுதிட்டு விட்டுடாதீங்க. உடனே பக்கத்துல யாரையாவது கூப்பிடுங்க, டாக்டர்கிட்ட போங்க. அது பாவம் குற்றம்னு பேச வரல, காய்ச்சல் வந்தா போறோம்ல அந்த மாதிரி.

பதிவு 13 – பழைய சுருள்

அக்கா, "சாவு ஆதாயம்"னு பவுல் எழுதின அதே பிலிப்பியர் கடிதத்துல ரெண்டாம் அதிகாரம் 27-ஐ படிங்க. எப்பாப்பிரோதீத்துன்னு அவரோட கூட்டாளி, சாகக் கிடந்து பிழைச்சவர். செத்திருந்தா ஆதாயம்தானேன்னு பவுல் எழுதல. தேவன் அவனுக்கு இரங்கினார், துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு வராதபடிக்கு எனக்கும் இரங்கினார்னு எழுதுறார். தன் சாவு தனக்கு ஆதாயம், அடுத்தவன் சாவு தனக்குத் துக்கம். ரெண்டையும் ஒரே கடிதத்துல, ஒரே மையில எழுதியிருக்கார், ஒண்ணை ஒண்ணு அழிக்கல.

அவருக்கும் போகணும்னு ஆசை இருந்துச்சு, மறைக்கல, "கிறிஸ்துவுடனேகூட இருக்க எனக்கு ஆசையுண்டு"ன்னு சொல்லிட்டு, ஆனாலும் நான் இருக்கறது உங்களுக்கு அவசியம்னு இருந்துட்டார்.

பதிவு 14 – ரெண்டு பெட்டி

அக்கா, எலியாவும் இதையே கேட்டார், 1 இராஜாக்கள் 19. சூரைச்செடி கீழ படுத்துக்கிட்டு, போதும் கர்த்தாவே என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்னு. அதுக்கு பிரசங்கம் வரல, தழல்ல சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணியும் வந்துச்சு. சாப்பிட்டார், மறுபடியும் தூங்கிட்டார். ரெண்டாவது தரமும் தூதன் வந்து தட்டி எழுப்பி சாப்பிடு, நீ போக வேண்டிய பிரயாணம் வெகுதூரம்னுதான் சொன்னான். ஏன் இப்படி ஜெபம் பண்ணேன்னு அந்த மரத்தடில ஒரு கேள்வி கூட கேக்கல. இதுல வேடிக்கை என்னன்னா சாகணும்னு கேட்ட அந்த மனுஷன் கடைசி வரைக்கும் சாகவே இல்ல.

இன்னைக்கு சாப்பிட்டீங்களா?

பதிவு 15 – சந்தேகி

அக்கா, நான் நம்பாதவன், இந்த இழைல பேச எனக்கு உரிமை இல்லாம இருக்கலாம். செருப்பு அங்கயே இருக்கட்டும். யாரு எடுக்கச் சொன்னாலும் உங்களுக்குத் தோணுறப்போ எடுங்க. எங்க அம்மா போனப்போ அவங்க மூக்குக் கண்ணாடிய நான் மூணு வருஷம் மேஜை மேல வச்சிருந்தேன்.

பதிவு 16 – தனிமரம்

எல்லாருக்கும் நன்றி. தம்பி உப்புக்கல், நேரா கேட்டதுக்கு நன்றி, ஏழு மாசத்துல யாரும் அப்படிக் கேக்கல. போன மாசம் ரெண்டு நாள் அப்படித் தோணுச்சு. இப்போ இல்ல. ஆனா தங்கச்சிகிட்ட இன்னைக்கு ஃபோன் பண்ணி சொல்லிட்டேன், அவ நாளைக்குக் காலைல வர்றா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கா. அடக்கத்துல பாடினதுக்கு இன்னைக்கு சேர்த்து வச்சு அழுதேன்.

பதிவு 17 – கூடாரவாசி

இழைய ஆரம்பிச்சுட்டு நாலு நாளா நான் ஒண்ணுமே எழுதல, மன்னிக்கணும், தினமும் வந்து படிச்சேன். அக்கா, உங்களுக்கு தனி மெசேஜ் போட்டிருக்கேன்.

நேத்து பைபிள் ஸ்டடில அந்தப் பெரியவரைப் பாத்தேன். மக்பேலா குகை, 400 சேக்கல், பிலிப்பி சிப்பாய்னு மனசுக்குள்ள ஒத்திகை எல்லாம் பாத்துட்டுத்தான் போனேன். "ஐயா, அன்னைக்கு நீங்க பத்திரம்னு சொன்னீங்களே"ன்னு ஆரம்பிச்சா அவருக்கு ஞாபகமே இல்ல! நான் சொல்லவும் ஒரு நிமிஷம் திருதிருன்னு முழிச்சுட்டு "அட சும்மா தமாஷுக்குச் சொன்னதும்மா, அதுக்கா இத்தனை நாள் யோசிச்ச"ன்னார். ஒத்திகை பாத்தது எல்லாம் வீண். அப்புறம் கிளம்புறப்போ, எத்தனை ரூம்னு கேட்டார். ரெண்டுன்னேன். யாராவது போக்கிடம் இல்லாம வந்தா ஒரு ரூம் குடுக்குற மாதிரி வச்சுக்கோன்னு மட்டும் சொல்லிட்டு செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டார். அது தமாஷா நிஜமான்னு இன்னும் தெரியல. வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், ரெண்டாவது ரூம் நமக்கே பத்தாதேன்னார். லோன் இன்னும் பாஸ் ஆகல, அதுக்குள்ள ரூமுக்கு சண்டை.

பதிவு 18 – உப்புக்கல்

அந்தப் பெரியவர் எங்க சபைக்கு வந்தா நல்லா இருக்கும். சிஸ்டர், டைல்ஸ் என்ன கலர்னு சொல்லவே இல்லையே.

பதிவு 19 – ரெண்டு பெட்டி

தனிமரம் அக்கா, தங்கச்சி வந்தாங்களா? நான் கேட்டதுக்கும் பதில் வரல.

பதிவு 20 – தனிமரம்

வந்துட்டா பா. டாக்டரைப் பாத்துட்டு வந்தோம். அவதான் சமைச்சா, சாப்பிட்டேன். தூங்கப் போறேன்.